ஐந்து பேரும் ஏன் ஒரே குரலில் பாடுகிறார்கள்? ஜப்பானிய ஆண்கள் குழுக்களைப் புதிதாகக் கேட்பவருக்கு

கேள்வி கேட்டவர் ஐந்து ஆண்டுகளாகக் கொரியப் பாடல்களில் ஊறியவர். போன மாதம் நெட்ஃபிளிக்ஸில் அராஷி என்ற ஜப்பானியக் குழுவைப் பற்றிய ஆவணத் தொடரைப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து ஸ்மாப், கின்கி கிட்ஸ், ஸ்னோ மேன் என்று இரண்டு வாரம் சுற்றிவிட்டுத் தன் முதல் எண்ணங்களை எழுதியிருக்கிறார். ஐந்து பேர் இருந்தும் ஐவரும் சேர்ந்தே பாடுகிறார்கள். தனித்து நிற்கும் குரல் எதுவும் காதில் விழவில்லை. ஒரு பாட்டுக்குள் மூன்று பாட்டை அடைத்துவைத்தது போல இருக்கிறது. பேசிச் சிரிக்கும் நேரம் பாடும் நேரத்தோடு போட்டி போடுகிறது. நாற்பதை நெருங்கியவர்கள் பளபளக்கும் உடுப்பில் சிறுவர்களைப் போல விளையாடுகிறார்கள், தொலைக்காட்சியில் சமைக்கிறார்கள். பழைய பாடல்களைத் தேடினால் இணையத்தில் பாதி கிடைப்பதில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, "இது தரம் குறைந்த சரக்கா, இல்லை எனக்குப் பிடிபடாத ஏதாவது இருக்கிறதா? எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார். கூடவே ஒரு குழுவின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒரு சின்னச் சந்தேகம். அதைக் கடைசியில் தீர்க்கிறேன்.

கேள்விக்குள் இருக்கும் கேள்வி, பாட்டை மட்டும் தராசில் வைத்து இவர்களை எடை போடலாமா என்பது. போடலாம், சில பாடல்கள் அந்தத் தராசிலேயே நல்ல எடை காட்டும். ஆனால் இந்தக் குழுக்கள் விற்கும் சரக்கில் பாட்டு ஒரு பகுதிதான். ஒருவன் பதினாறு வயதில் மேடையேறி நாற்பது வயதில் இறங்கும் வரையில் அவனைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும் வாய்ப்பை விற்கிறார்கள். நீங்கள் கவனித்தவை எல்லாமே சரி. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒன்றே வேர் என்பது என் கட்சி.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆண்டுகள் யோகோஹாமாவில் தொழில்நுட்ப ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தேன். சிறுவயதில் எட்டு ஆண்டு வாய்ப்பாட்டுக் கற்றவன் என்பதால் சுரம், தாளம் பற்றிச் சொல்வதை ஓரளவு நம்பலாம். நடனத்தைப் பற்றி ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம், எனக்குத் தெரியாது. எந்த ரசிகர் மன்றத்திலும் நான் உறுப்பினன் இல்லை. தீவிர ரசிகை ஒருவரின் பக்கத்து மேசையில் ஆறு ஆண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் படிப்பில் பாதி அந்த மேசையில் கிடைத்தது.

தொடக்கத்தைத் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். நீங்கள் பெயர் சொன்ன நான்கு குழுக்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லாஸ் ஏஞ்சல்ஸில் 1931இல் பிறந்த ஜானி கிதகாவா என்பவர் 1962இல் டோக்கியோவில் தொடங்கிய நிறுவனம் அது. சிறுவர்களுக்கு அவர் பேஸ்பால் பயிற்சி கொடுத்துவந்தார். ஒருநாள் மழையால் ஆட்டம் நின்றுபோக, பையன்களை 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்துக்குக் கூட்டிப்போனார். பார்த்தவர்கள் நாமும் இப்படி ஆடிப் பாட வேண்டும் என்று கிளம்பினார்கள். அந்த நால்வரே முதல் குழு. மழையும் படமும் அந்த நிறுவனம் காலங்காலமாகச் சொல்லிவந்த கதை. எந்த அளவுக்கு மெருகேற்றப்பட்டது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் விதை இசைநாடகத்தில் விழுந்தது என்பதில் சந்தேகமே இல்லை. பின்னால் வந்தவர்களைப் பார்த்தாலே தெரியும். 1987இல் வந்த ஹிகாரு கென்ஜி குழு காலில் சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு பாடியது; 1988ஆம் ஆண்டின் விற்பனைப் பட்டியலில் முதல் மூன்று இடத்தையும் அதுவே பிடித்தது. கின்கி கிட்ஸ் இருவரில் ஒருவரான தோமோதோ கோயிச்சி, 2000 முதல் 2024 வரை 'ஷாக்' என்ற மேடை நாடகத்தை இரண்டாயிரம் முறைக்கும் மேல் நடத்தினார். அதில் கயிற்றில் பறப்பதும் உண்டு, உயரமான படிக்கட்டிலிருந்து உருண்டு விழுவதும் உண்டு, எல்லா நாளும். பாடகனைத் தேடி நீங்கள் போனீர்கள். அங்கே நின்றவன் கூத்தாடி. நல்ல பொருளில்தான் சொல்கிறேன்.

இந்த வீட்டில் பிள்ளைகளைச் சேர்க்கும் வழக்கமும் தனி. பத்து, பன்னிரண்டு வயதில் சேர்கிறவர்களுக்கு 'ஜூனியர்' என்று பெயர். அண்ணன்மார்களின் கச்சேரியில் பின்னால் ஆடுவார்கள், நாடகத்தில் சின்ன வேடம் கட்டுவார்கள், நிகழ்ச்சிகளில் தலை காட்டுவார்கள். குறுந்தகடு வெளிவரும் நாளில்தான் 'அறிமுகம்' ஆனதாகக் கணக்கு. அந்த நாள் வராமலே போனவர்கள் ஏராளம். ஸ்னோ மேன் குழு 2020 ஜனவரி 22 அன்று அறிமுகமானபோது அதில் சிலர் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஜூனியராகவே காத்திருந்தவர்கள். ரசிகர்கள் அந்தப் பதினைந்து ஆண்டையும் பார்த்துவிட்டார்கள். அறிமுகப் பாடலில் புதியவருக்கு ஒரு துள்ளல் பாட்டு கேட்கும். பழைய ரசிகைக்கு, பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போன வீட்டுக் கல்யாணம் முடிந்த நிம்மதி கேட்கும்.

இப்போது அந்த ஒரே குரல். பல்லவியை எல்லோரும் சேர்ந்து ஒரே சுருதியில், ஒரே வரிசையில், சுரம் பிரியாமல் பாடுவது இந்தக் குழுக்களின் முத்திரை. இது நிச்சயம், எந்தப் பழைய பாட்டை எடுத்தாலும் கேட்கலாம். ஏன் அப்படி என்பதற்கு வருவது என் ஊகம். முதலில், இவர்கள் குரலுக்காகப் பொறுக்கப்பட்டவர்கள் அல்லர். பத்து வயதுப் பிள்ளையின் குரல் உடைந்த பிறகு எப்படி மாறும் என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து சுமாரான குரல்களை ஒன்றாகச் சேர்த்தால் ஓரங்கள் தேய்ந்து, கேட்கத் தகுந்த ஒரு பெரிய குரல் கிடைக்கிறது. அடுத்தது, கேட்பவர்கள் கூடப் பாட வேண்டும். மேல்குரல், கீழ்குரல் என்று பின்னிவிட்டால் மாலையில் கரோக்கே அறையில் யாரும் பாட முடியாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஒருவனை மட்டும் முன்னால் நிறுத்தினால் மற்ற நால்வரின் ரசிகைகள் வாடிப்போவார்கள்.

என் பக்கத்து மேசைப் பெண்மணியிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "ஒரே குரலா? எனக்கு ஐந்து குரலும் தனித்தனியாகக் கேட்கிறதே" என்றார். காதில் மாட்டும் ஒலிபெருக்கியை என்னிடம் கொடுத்து, இங்கே மூச்சு இழுப்பது இவர், இந்த எழுத்தைக் கொஞ்சம் நசுக்கிச் சொல்வது அவர் என்று காட்டிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூட இறைவணக்கத்தில் நூறு பிள்ளைகள் பாடினாலும் தன் பிள்ளையின் குரலைத் தாய் பிரித்தெடுப்பாளே, அந்தக் காது. எனக்கு அது வர இரண்டு மாதம் ஆயிற்று. வந்த பிறகு ஒன்று புரிந்தது: அராஷியில் ஓனோ சதோஷியின் குரல் தம்பூரா போல அடியில் நின்று மற்றவர்களைத் தாங்குகிறது. அவர் உண்மையிலேயே தேர்ந்த பாடகர். அது தெரியாமல் கேட்டால் ஐவரும் ஒன்றுபோல நன்றாகப் பாடுகிறார்கள் என்று தோன்றும். தெரிந்து கேட்டால் நால்வர் அவர் தோளில் சாய்ந்துகொண்டு பாடுவது தெரியும். இரண்டாவதே எனக்கு அழகு.

அந்தப் பெண்மணியின் ஆள் நினோமியா கஸுனாரி. 'ஆள்' என்று நான் சொல்வதை அவர்கள் 'தந்தோ' என்பார்கள். பொறுப்பு என்று பொருள். அலுவலகத்தில் 'கணக்குக்குப் பொறுப்பு யார்' என்று கேட்கும்போது வரும் அதே சொல். நான் இன்னாருக்கு ரசிகை என்று சொல்வதில்லை, இன்னாருக்குப் பொறுப்பு என்கிறார்கள். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு நிறம்: ஓனோவுக்கு நீலம், சகுராய் ஷோவுக்குச் சிவப்பு, ஐபா மசகிக்குப் பச்சை, நினோமியாவுக்கு மஞ்சள், மத்ஸுமோதோ ஜுனுக்கு ஊதா. எங்கள் கணக்குப் பிரிவில் மஞ்சள் நிறக் குறிப்புத்தாள் மட்டும் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். காரணம் எனக்கு வெகுநாள் தெரியாது. அறிமுகத்தின்போது நினோமியாவுக்குப் பதினாறு வயது. 2006இல் கிளிண்ட் ஈஸ்ட்வுட் எடுத்த இவோ ஜிமா போர்ப் படத்தில் அவர் நடித்ததைப் பற்றிப் பேசும்போது இந்த அம்மாள், "என் தம்பிக்கு நல்ல உத்தியோகம் கிடைத்தது போல இருந்தது" என்றார். காதலி பேசுகிற மாதிரி இல்லை, அக்கா பேசுகிற மாதிரி இருந்தது. எல்லா ரசிகைகளும் அப்படி என்று சொல்ல மாட்டேன். காதலாகவே நினைப்பவர்களும் உண்டு, யாராவது கல்யாணம் செய்துகொண்டால் சாப்பிடாமல் கிடப்பவர்களும் உண்டு.

2014இல் அவர் புண்ணியத்தில் டோக்கியோ டோமில் நடந்த அராஷி கச்சேரிக்குப் போனேன். டிக்கெட்டைக் கடையில் போய் வாங்க முடியாது. மன்ற உறுப்பினர்கள் விண்ணப்பித்து, குலுக்கலில் விழ வேண்டும். விழுந்தது. ஐம்பதாயிரம் பேர் கொள்ளும் அந்த அரங்கில் எங்கள் இடம் உத்தரத்துக்குப் பக்கம். மேடையில் இருப்பவர்கள் கட்டைவிரல் நகமளவு. இவ்வளவு பணம் கொடுத்து எறும்பு பார்க்கவா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஐவரும் வண்டிகளில் ஏறி அரங்கைச் சுற்றிவரத் தொடங்கினார்கள். கோவிலில் மூலவரைப் பார்க்க முடியாதவருக்காக உற்சவர் வீதிக்கு வருவதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. மேடையே கூட்டத்தின் தலைக்கு மேல் நகர்ந்து பின்பக்கம் வந்தது. அதன் தளம் கண்ணாடி போல ஊடுருவித் தெரிவதால் கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கலாம். இந்த நகரும் மேடை மத்ஸுமோதோ ஜுன் தந்த யோசனை. பின்வரிசைக்காரரும் ஒருமுறையாவது கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். என் பெண்மணி மஞ்சள் எழுத்து ஒட்டிய விசிறியை நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு நின்றார், அதற்கு மேல் ஓர் அங்குலம் உயர்த்தவில்லை. பின்னால் இருப்பவருக்கு மறைக்கக்கூடாது என்பது எழுதிவைத்த விதி. நீங்கள் அந்த ரசிகர்களை 'உணர்ச்சியில்லாமல் நிற்கிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். விசிறி நெஞ்சில் இருக்கும்போது அதற்கு மேலே முகம் என்ன பாடுபடுகிறது என்பதைப் பாருங்கள்.

பாட்டுக்கு வருகிறேன். ஒரு பாட்டில் மூன்று பாட்டு என்றீர்களே, அதற்கு அங்கே பெயரே இருக்கிறது. முதல் பகுதி 'ஏ மெலோ': தாழ்ந்த குரலில், பேச்சுப்போல. அடுத்தது 'பி மெலோ': ஏறும் படி. பிறகு 'சபி': உச்சம், எல்லோரும் சேர்ந்து பாடும் இடம். நம் பாட்டில் பல்லவி முதலில் வந்து அனுபல்லவி, சரணம் தொடரும். அங்கே பல்லவிக்காகக் காத்திருக்க வேண்டும், அல்லது அதை ஆரம்பத்தில் ஒருமுறை காட்டிவிட்டு ஒளித்துவைப்பார்கள். கடைசிச் சபிக்கு முன்னால் வாத்தியங்களை எல்லாம் நிறுத்தி ஒரே ஒருவரைப் பாடவிடுவது, பிறகு முழுச் சுருதியையும் அரைப்படி தூக்கிவிடுவது, இவை இரண்டும் பழைய வித்தைகள். ஆங்கிலப் பாட்டில் இன்று நான்கு ஸ்வரக்கூட்டுகள் சுற்றிச் சுற்றி வந்தாலே போதும் என்றாகிவிட்டது. ஜப்பானியப் பாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி நடை. அவற்றில் ஒரு வரிசைக்கு 'ராஜபாட்டை' என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள்: மத்யமத்தில் எழும் கூட்டு, அடுத்துப் பஞ்சமம், அங்கிருந்து காந்தாரம், பிறகு தைவதம். உற்சாகமாக ஏறுவதுபோலப் போக்குக் காட்டி, மெல்லச் சோகத்தில் போய் இறங்கும் பாதை இது. 'செத்ஸுனாய்' என்று ஒரு ஜப்பானியச் சொல் உண்டு. நெஞ்சைப் பிசைகிற, ஆனால் விட மனமில்லாத வலி. ராஜபாட்டை அந்தச் சொல்லின் சுரவடிவம். துள்ளலான பாட்டில்கூடக் கண் கலங்குகிற மாதிரி ஏதோ இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். காது நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னும் பழைய அடுக்கு ஒன்று உண்டு. நவீன ஜப்பானிய மெட்டுகளில் நெடுங்காலம் ஆண்ட சுரவரிசைக்கு 'யோனா நுகி' என்று பெயர்: நான்காவதும் ஏழாவதும் நீங்கியது. ச ரி க ப த. ஆம், மோகனத்தின் படிகள். படிகள் மட்டும்தான், கமகமும் பிடியும் இல்லாமல் மோகனம் மோகனமாகாது. ஆனாலும் தமிழ்க் காதுக்குச் சில பழைய ஜப்பானிய மெட்டுகள் எங்கோ கேட்டவை போல இருப்பதற்கு இது ஒரு காரணம். இப்போதைய குழுக்களில் இந்த வாசனை அநேகமாகப் போய்விட்டது.

சொற்கள் நெருக்கியடிப்பதற்கு மொழியே காரணம் என்பேன். நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானியத்திலும் மாத்திரைக் கணக்குத்தான் அடிப்படை. என்ன வேறுபாடென்றால் 'ன்' என்ற ஒற்றுக்கு அரை போதாது, முழு மாத்திரை கொடுக்க வேண்டும். செய்தித்தாளுக்கு 'ஷின்புன்' என்பார்கள். நமக்கு இரண்டு அசை, அவர்களுக்கு நான்கு மாத்திரை. மரபாக மாத்திரைக்கு ஒரு சுரம். ஆங்கிலத்தில் மூன்று சுரத்தில் முடிகிற செய்திக்கு அங்கே ஏழெட்டு வேண்டும். ஆகவே மெட்டுக் குடுகுடுவென்று ஓடுகிறது. அராஷியில் சகுராய் ஷோ தானே எழுதிப் பாடும் ராப் பகுதிகள் முதலில் தட்டச்சு இயந்திரம் போலக் கேட்கும். சொல் பிரிந்து கேட்கத் தொடங்கியதும் அவை தாளக்கட்டு மிகுந்த வசனமாக மாறும். கெய்யோ பல்கலைக்கழகத்தில் படித்த அந்த மனிதர் 2006இல் வாரம் ஒருநாள் இரவுச் செய்தியும் வாசிக்கத் தொடங்கினார். உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது.

செய்தி வாசிப்பது, சமைப்பது எல்லாம் எப்படி வந்தது? இதற்கு ஸ்மாப் கதைதான் பதில். ஆறு பேராக 1991 செப்டம்பரில் அறிமுகமானார்கள். நேரம் கெட்ட நேரம். பாடகர்களை வாழவைத்த பெரிய வாராந்தரப் பாட்டு நிகழ்ச்சிகள் 1989, 1990இல் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகளின் முதல் பாட்டு முதலிடம் பிடிப்பது வழக்கமாகியிருந்த நாளில் இவர்களுடையது இரண்டாம் இடத்தோடு நின்றது. பாட மேடை இல்லாததால் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் புகுந்தார்கள். முகத்தில் மாவு பூசிக்கொண்டார்கள், பெண் வேடம் போட்டார்கள். அதற்கு முன் இப்படிப்பட்ட நட்சத்திரங்களை உயரத்தில் வைத்துப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிது. 1996 ஏப்ரலில் தொடங்கி 2016 டிசம்பர் வரை திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு அவர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி ஓடியது. அதில் விருந்தாளி கேட்டதைச் சமைத்துப் போடும் பகுதி பெயர்பெற்றது. அதே 1996இல் அவர்களில் ஒருவரான கிமுரா தகுயா தொலைக்காட்சி நாடகத்தில் நாடு முழுவதையும் கட்டிப்போட்டார். பின்னால் வந்த எல்லாக் குழுக்களும் இந்தப் பாதையில்தான் நடந்தன. டோகியோ என்ற குழு ஒரு கிராமத்தில் நிலம் திருத்தி விவசாயம் செய்வதை ஆண்டுக்கணக்காக ஒளிபரப்பியது. ஜப்பானியச் சிறுவர்கள் பலர் அவர்களைப் பாடகர்கள் என்றே அறியாமல் வளர்ந்தார்கள். கச்சேரியின் நடுவில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவதும் இதிலிருந்து முளைத்ததுதான். புதியவர்கள் அந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்கள். பழையவர்கள் சிலர் அதற்காகவே வருகிறார்கள்.

இணையத்தில் கிடைக்காதது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறுப்பினர்களின் படங்களை இணையத்தில் போட அந்த நிறுவனம் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. பத்திரிகை அட்டைப்படம் விற்பனைத் தளத்தில் வரும்போது இவர்கள் முகம் இருக்கும் இடம் சாம்பல் நிழலாக இருக்கும். 2018இல்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள். அராஷியின் பாடல்கள் இணைய ஒலிபரப்புக்கு வந்தது 2019 நவம்பரில், அறிமுகமாகி இருபதாம் ஆண்டு நிறைந்த நாளில். அதுவரை குறுந்தகடுதான், அதுவும் ஒரே பாட்டுக்கு மூன்று பதிப்பு. பிடிவாதம் என்று சிரிக்கலாம். ஆனால் அதே 2019இல் உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பம் அராஷியின் இருபதாண்டுத் தொகுப்பு, 33 லட்சம் பிரதிகள். ரசிகர்களுக்குக் குறுந்தகடு கேட்பதற்கு மட்டும் உரியது அல்ல. 2016இல் ஸ்மாப் கலையப்போகிறது என்ற செய்தி வந்ததும், பதின்மூன்று ஆண்டுக்கு முன் வந்த ஒரு பாட்டை அவர்கள் மறுபடியும் மறுபடியும் வாங்கத் தொடங்கினார்கள். குழு கலைந்த அந்த டிசம்பரில் அது முப்பது லட்சத்தைத் தாண்டியது. ஏற்கெனவே வீட்டில் வைத்திருந்த பாட்டு அது. மனு எழுதிக் கொடுப்பது போல வாங்கினார்கள்.

இவ்வளவு பாராட்டிவிட்டு இந்த வீட்டின் இருட்டறையைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது விளம்பரமாகிவிடும். நிறுவனர் கிதகாவா தன்னிடம் சேர்ந்த சிறுவர்களிடம் பல பத்தாண்டுகள் பாலியல் கொடுமை செய்தவர். 1999இல் ஒரு வார இதழ் தொடராக எழுதியது. அவர் அவதூறு வழக்குப் போட்டார். குற்றச்சாட்டின் முக்கியப் பகுதி உண்மை என்று 2003இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் சொன்னது; 2004இல் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது. பிறகும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் வாய் திறக்கவில்லை. தங்கள் நிகழ்ச்சிகளுக்கு நட்சத்திரங்களை அனுப்ப அந்த வீடு வேண்டுமே. 2019இல் அவர் இறந்தபோது புகழாரம்தான் சூட்டினார்கள். 2023 மார்ச்சில் பிபிசி ஆவணப்படம் வந்தது, பாதிக்கப்பட்டவர்கள் முகம் காட்டிப் பேசினார்கள், வெளி விசாரணைக் குழு ஊடகங்களின் மௌனத்தையும் சேர்த்தே குற்றம் சொன்னது. அந்தச் செப்டம்பரில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அக்டோபரில் பெயரை மாற்றி இழப்பீடு கொடுக்க மட்டும் இயங்கும் அமைப்பாக ஆனது. கலைஞர்கள் ஸ்டார்டோ என்ற புதிய நிறுவனத்துக்கு மாறினார்கள். நான் ஜப்பானில் இருந்த காலம் முழுவதும் நீதிமன்றத் தீர்ப்பு பொதுவெளியில் இருந்தது. நானும் கேள்விப்பட்டிருந்தேன். மேசையைச் சுற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சிறுவயதிலிருந்து வளர்வதைப் பார்க்கலாம் என்று விற்ற அதே அமைப்புதான், அந்தச் சிறுவர்கள் யார் கண்ணிலும் படாமல் ஒரே மனிதனின் கைக்குள் இருக்கும்படியும் செய்தது. பாடல்களைக் கேட்கலாமா என்று என்னிடம் கேட்டால், பாடியவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்பேன். எந்தப் பாடகருக்கு என்ன நடந்திருக்கும் என்று இணையத்தில் துப்பறிவதை மட்டும் செய்யாதீர்கள்.

அந்த வீடு மட்டுமே ஜப்பானிய ஆண்கள் குழு என்று நினைத்துவிடவும் கூடாது. 2001 முதல் எக்சைல் குழுவும் அதன் கிளைகளும் வேறு வழி வைத்திருக்கின்றன: இரண்டு பேர் பாடுவார்கள், மற்றவர்கள் ஆடுவார்கள், உடம்பு கட்டுமஸ்தாக இருக்கும். கொரியத் தேர்வு நிகழ்ச்சியின் ஜப்பானிய வடிவத்தில் 2019இல் உருவான ஜே-ஓ-ஒன், சொந்தப் பணம் பத்துக் கோடி யென் போட்டு ஸ்கை-ஹை என்ற பாடகர் உருவாக்கிய பீ-ஃபர்ஸ்ட், பழைய வீட்டிலிருந்து வெளியேறிய மூவர் சேர்ந்து 2024 புத்தாண்டு அன்று அறிமுகமான நம்பர் ஐ, இவர்கள் எல்லாம் தனித்தனி வரி பாடுகிறவர்கள். உங்கள் காதுக்கு உடனே பிடிபடுவார்கள். கொரியாவின் பயிற்சி முறை ஜப்பானிய ஜூனியர் முறையைப் பார்த்து வந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொரிய நிறுவனங்களுக்கு முப்பது ஆண்டுக்கு முந்தியது ஜப்பானிய முறை, காலவரிசை தெளிவு. எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்பது விவாதத்துக்கு உரியது, அமெரிக்காவின் பங்கும் பெரிது. உள்ளூர்ச் சந்தை சிறியது என்பதால் கொரியர்கள் வெளியே பார்த்தார்கள், உலகின் இரண்டாவது பெரிய இசைச் சந்தை வீட்டுக்குள்ளேயே இருந்ததால் ஜப்பானியர் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

எதிலிருந்து தொடங்குவது? 1997இல் கின்கி கிட்ஸ் அறிமுகமான 'கராஸு நோ ஷோனென்' பாட்டிலிருந்து. இசை யமாஷிதா தத்ஸுரோ, சொல் மத்ஸுமோதோ தகாஷி. இருவரும் அந்நாட்டுப் பாட்டுக்கலையில் முதல் வரிசை. அப்போதே பழைய பாணி என்று தோன்றும்படி வேண்டுமென்றே சோகச் சுருதியில் கட்டிய பாட்டு. பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. இதைப் பாட்டுக்காகவே கேளுங்கள், யார் பாடுகிறார்கள் என்பது தெரிய வேண்டாம். அடுத்து, மேலே சொன்ன முப்பது லட்சம் விற்ற ஸ்மாப் பாட்டு. மகிஹாரா நோரியுகி எழுதி இசையமைத்தது. 'உலகில் ஒன்றே ஒன்றான பூ' என்று பொருள். குரல் வளம் இல்லாதவர்கள் பாடியதால்தான் அது எல்லோருடைய பாட்டும் ஆயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. நல்ல பாடகர் ஒருவர் தனியாகப் பாடியிருந்தால் நாம் கைதட்டிவிட்டுப் போயிருப்போம். மூன்றாவதாக அராஷியின் கச்சேரி ஒன்றை, நடுவில் வரும் பேச்சை ஓட்டிவிடாமல், முழுவதுமாக. மொழி புரியாவிட்டாலும் யார் யாரை எப்போது பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 2020 டிசம்பர் 31 அன்று ஓய்வுக்குப் போனவர்கள், 2026 வசந்தகாலச் சுற்றுப்பயணத்தோடு முடித்துக்கொள்வதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த அன்று என் பழைய பக்கத்து மேசையிலிருந்து ஒரு செய்தி வந்தது. சொல் எதுவும் இல்லை, ஒரு மஞ்சள் வட்டம் மட்டும்.

உச்சரிப்புச் சந்தேகத்தை மறக்கவில்லை. ஸ்னோ மேன் அறிமுகமான அதே நாளில் அறிமுகமான அந்த ஆறு பேர் குழுவின் பெயரை 'சிக்ஸ்டோன்ஸ்' என்று எழுத்துக் கூட்டிப் படிக்காதீர்கள். 'ஸ்டோன்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும்; ஆங்கிலத்தில் முதல் எழுத்தை அடுத்து வரும் i, x இரண்டையும் எழுதுவார்கள், படிக்க மாட்டார்கள். ஆறு பேரும் ஆறு குரலாகவே பாடுகிறார்கள் என்பதால் உங்களுக்கு அவர்களைப் பிடிக்கும்.